ஈசிச்சேரில் சாய்ந்தபடி மலையேறலாம்... ஆனால், கார் சாவி யாரிடம்?

காலை எட்டு மணி. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், மலைகளுக்கு நடுவே இருக்கும் கம்பர்லாந்து என்ற ஊர். அக்டோபர் குளிர். பழைய ரயில் நிலையத்துக்குப் பக்கத்துப் பார்க்கிங்கில் ஒரு வேன் வந்து நிற்கிறது. பின்கதவைத் திறந்தால் உள்ளே சீட்டுகளே இல்லை. அவற்றைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். அந்த இடத்தில், ஈசிச்சேருக்கு மூன்று சக்கரம் மாட்டியதுபோல இரண்டு வாகனங்கள் தலைமாற்றிப் படுத்திருக்கின்றன. தலை நரைத்த இருவர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி, மெதுவாகக் கீழே இறக்குகிறார்கள்.

இறக்கி முடித்ததும் முதல் வேலை, கொடி மாட்டுவது. ஆள் உயரத்துக்கு ஒரு மெல்லிய கம்பி, அதன் உச்சியில் ஆரஞ்சு நிறத் துணி. அது இல்லாவிட்டால், பக்கத்தில் நிற்கும் காரின் ஜன்னல் வழியாகப் பார்ப்பவருக்கு இப்படி ஒரு வாகனம் இருப்பதே தெரியாது. அவ்வளவு தாழ்வு!

இதுதான் ரெகம்பன்ட் சைக்கிள். நம் ஊரில் அதிகம் பார்த்திருக்க மாட்டோம். சாதாரண சைக்கிளில் நாம் பெடலுக்கு மேலே உட்கார்ந்து மிதிக்கிறோம். இதில் பெடல் நமக்கு முன்னால் இருக்கிறது. முதுகைச் சாய்த்துக்கொண்டு காலை முன்னால் நீட்டி மிதிக்க வேண்டும். இரண்டு சக்கரத்திலும் உண்டு, மூன்று சக்கரத்திலும் உண்டு. மூன்று சக்கர வண்டியை டிரைக் என்கிறார்கள். அதிலும் இரண்டு ஜாதி. முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு என்றால் டெல்டா. நம்ம ஆட்டோவும் அந்த வகைதான். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்றால் அதற்கு ஆங்கிலத்தில் தலைப்பிரட்டை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். குளத்தில் நெளியும் தவளைக்குஞ்சை மேலிருந்து பார்த்தால் தலை பெருத்து வால் சிறுத்துத் தெரியுமே, அந்த வடிவம். கம்பர்லாந்து பார்க்கிங்கில் இறங்குபவை பெரும்பாலும் தலைப்பிரட்டைகள்.

தோற்கடித்ததற்காகத் தடை

ஏதோ வயதானவர்களுக்காகக் கண்டுபிடித்த வண்டி என்று நினைத்துவிட வேண்டாம். 1933-ம் ஆண்டு ஜூலை 7-ம் தேதி, பாரிஸில் ஃபிரான்சிஸ் ஃபோர் என்ற வீரர், சார்லஸ் மோஷே வடிவமைத்த சாய்வு சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டினார். அதற்கு முன் 1914-ல் ஆஸ்கர் எக் வைத்திருந்த சாதனை 44.247 கிலோமீட்டர். ஏறக்குறைய இருபது வருடங்களாக யாராலும் அசைக்க முடியாததை, முதல் வரிசை வீரர் என்று பெயரெடுக்காத ஒருவர் படுத்துக்கொண்டே முறியடித்துவிட்டார். சர்வதேச சைக்கிள் சங்கம் என்ன செய்தது தெரியுமா? அடுத்த வருடமே, இது பந்தய சைக்கிள் கணக்கில் சேராது என்று விதியை மாற்றி எழுதியது. அந்த விதி மட்டும் வராமல் இருந்திருந்தால், இன்று நம் பிள்ளைகள் ஸ்கூலுக்குப் படுத்துக்கொண்டே சைக்கிள் ஓட்டிப் போயிருப்பார்களோ என்னவோ.

வேகத்தின் ரகசியம் காற்றுதான். நிமிர்ந்து உட்கார்ந்தால் நெஞ்சு காற்றைத் தடுக்கிறது. சாய்ந்துவிட்டால் காற்று மேலே வழுக்கிக்கொண்டு போகிறது. 2016-ல் கனடாவைச் சேர்ந்த டாட் ரைகெர்ட், முழுக்க மூடிய சாய்வு வண்டி ஒன்றில் மணிக்கு 144.17 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார். மோட்டார் கிடையாது, வெறும் கால்பலம்.

ஆனால், கம்பர்லாந்துக்கு வருபவர்கள் சாதனைக்காக வருவதில்லை. ஒருவருக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் நடந்திருக்கும். ஒருவருக்குக் கழுத்து எலும்பு தேய்ந்திருக்கும். ஒருவருக்கு மணிக்கட்டில் எடையைத் தாங்க முடியாது. பக்கவாதத்துக்குப் பிறகு பேலன்ஸ் போனவர்களும் உண்டு. சாதாரண சைக்கிளில் உடம்பின் எடை உள்ளங்கையிலும் சீட்டிலும் இறங்குகிறது. டிரைக்கில் அது முதுகு முழுவதும் பரவிவிடுகிறது. மூன்று சக்கரம் என்பதால் நின்றாலும் சாயாது; ஆமை வேகத்தில் ஏறினாலும் விழாது. இடது கை செயலிழந்தவருக்கு இரண்டு பிரேக்கையும் கியரையும் வலப்பக்கமே மாற்றித் தரலாம். ஜெர்மனியில் தயாராகும் ஒருவகை டெல்டாவை, ரயில்பெட்டிபோல ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கவும் முடியும். கண் தெரியாதவர் பின்னால் உட்கார்ந்து மிதித்துக்கொண்டே வரலாம்.

சைக்கிளே இனி இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகு சைக்கிளுக்குத் திரும்பியவர்களின் ஊர்வலம் இது என்றும் சொல்லலாம்.

ரயில் விட்டுப்போன பாதை

அவர்கள் ஏன் இந்த ஊருக்கு வருகிறார்கள்? இங்கிருந்துதான் கிரேட் அலெகெனி பாசேஜ் தொடங்குகிறது. கம்பர்லாந்து முதல் பென்சில்வேனியா மாநிலத்தின் பிட்ஸ்பர்க் நகரம் வரை 150 மைல், அதாவது சுமார் 240 கிலோமீட்டர். கார், லாரி, பைக் எதுவும் வராத பாதை. ஒரு காலத்தில் இதில் பெரும்பகுதி ரயில் தடம். வெஸ்டர்ன் மேரிலாந்து ரயில்வே 1912-ல் இந்த மலையைக் குடைந்து தண்டவாளம் போட்டது. 1975-ல் அதைக் கைவிட்டது. தண்டவாளத்தைப் பெயர்த்த இடத்தில் சுண்ணாம்புக்கல் பொடியைக் கொட்டி இறுக்கி, துண்டு துண்டாகப் பாதை போட ஆரம்பித்தார்கள். முதல் துண்டு 1986-ல் ஒஹையோபைல் என்ற ஊரில் திறந்தது. கடைசித் துண்டு பிட்ஸ்பர்க் அருகே சேர்ந்தபோது வருடம் 2013!

டிரைக் ஓட்டுபவர்களுக்கு இதைவிட நல்ல மலைப்பாதை கிடைக்காது. காரணம், ரயில். இன்ஜினால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால், அன்றைய இன்ஜினீயர்கள் மலையைச் சுற்றிச் சுற்றி, நூறு அடிக்கு இரண்டு அடிகூட உயராதபடி தடம் அமைத்தார்கள். நிலக்கரி வண்டிக்காகப் பார்த்துப் பார்த்து வைத்த அந்தச் சரிவுதான் இன்று எழுபது வயது முழங்காலைக் காப்பாற்றுகிறது.

கம்பர்லாந்து சுமார் 600 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கிட்டத்தட்ட 38 கிலோமீட்டர் ஏறினால் 2,392 அடி உயரத்தில் உச்சி. அதன் பிறகு பிட்ஸ்பர்க் வரை இறக்கம்தான். உச்சியைத் தாண்டி 13 கிலோமீட்டர் இறங்கினால் மையர்ஸ்டேல். ஆக, கம்பர்லாந்து முதல் மையர்ஸ்டேல் வரை சுமார் 51 கிலோமீட்டர். ஒரு நாள் பயணத்துக்குக் கச்சிதமான தூரம்.

ஒரே ஒரு சிக்கல். போன பிறகு திரும்பி வருவது எப்படி?

புலி, ஆடு, புல்லுக்கட்டு

ரயில் இருக்கிறதே என்று கேட்கலாம். வாஷிங்டன் – பிட்ஸ்பர்க் ரயில் கம்பர்லாந்தில் நிற்கும். முன்பதிவு செய்தால் சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளும். ஆனால், அதில் இருப்பது சாதாரண சைக்கிளின் அளவுக்குச் செய்த ரேக். 80 சென்டிமீட்டர் அகலமும், கிட்டத்தட்ட ஓர் ஆள் நீளமும் உள்ள டிரைக்கை அங்கே மாட்ட முடியாது. அந்த ரயில் மையர்ஸ்டேலில் நிற்கவும் நிற்காது. காசு வாங்கிக்கொண்டு ஆட்களையும் சைக்கிளையும் கொண்டுவிடும் வேன் சர்வீஸ்கள் பாதையோரத்து ஊர்களில் உண்டு. அவர்களிடமும் 'டிரைக்' என்ற வார்த்தையை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் போய் நின்றால், எட்டு சைக்கிள் ஏறும் டிரெய்லரில் மூன்று டிரைக்கை ஏற்றிவிட்டு டிரைவர் தலையைச் சொறிவார்.

அதனால், பெரும்பாலான குழுக்கள் சொந்தக் காரையே நம்புகின்றன. இங்கேதான் நாம் சின்ன வயதில் கேட்ட புலி, ஆடு, புல்லுக்கட்டு விடுகதை உயிர்பெற்று வருகிறது.

எட்டுப் பேர் கொண்ட ஒரு குழு என்று வைத்துக்கொள்வோம். நான்கு வண்டிகள். வண்டிக்கு இரண்டு டிரைக், இரண்டு ஆள். இதற்கு மேல் ஏற்ற முடியாது. ஏனென்றால் டிரைக் ஏறிய இடத்தில் சீட் இருக்காது. எட்டுப் பேரும் கம்பர்லாந்துக்கு வந்து டிரைக்கை இறக்கியாயிற்று. நான்கு டிரைவர்களும் நான்கு வண்டிகளையும் மையர்ஸ்டேலுக்கு ஓட்டிப்போக, மற்ற நான்கு பேர் டிரைக்குகளுக்குக் காவல். மையர்ஸ்டேலில் மூன்று வண்டிகளை நிறுத்திவிட்டு நான்கு பேரும் ஒரே வண்டியில் கம்பர்லாந்துக்குத் திரும்புகிறார்கள். (அந்த வண்டியில் நான்கு சீட் வேண்டும். சீட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்த வேன் இதற்கு உதவாது! இதை மறந்து வழியில் முழித்தவர்கள் நிச்சயம் இருப்பார்கள்.) இதற்கே காலைப் பொழுதில் முக்கால்வாசி போய்விடும்.

சரி, எட்டுப் பேரும் ஓட்டி மையர்ஸ்டேல் போய்ச் சேர்கிறார்கள். அங்கே இருப்பது மூன்று வண்டி. ஆறு டிரைக் ஏறிவிடும். இரண்டு டிரைக்கும் இரண்டு ஆளும் மிச்சம். நான்காவது வண்டியோ மலைக்கு அந்தப் பக்கம், கம்பர்லாந்தில் நிற்கிறது. இருட்டிய பிறகு யாராவது ஒருவர் போய் அதை எடுத்து வந்து, மிச்சத்தை ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

இந்தக் கணக்கைப் பென்சிலும் பேப்பரும் வைத்து எப்படி எப்படியோ மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். ஒரே ஒரு வழியில்தான் அது நேராக வரும். எட்டில் ஒருவர் அன்று ஓட்டக் கூடாது. காலையில் திரும்பி வந்த அந்த நான்காவது வண்டியின் சாவி அவர் கையில். ஏழு பேர் பாதையில் போக, அவர் ரோட்டில் போவார். நடுவில் ஃப்ராஸ்ட்பர்க்கில் தண்ணீர், ட்யூப், மாற்றுச் சட்டையோடு நிற்பார். சாயங்காலம் நான்கு வண்டியும் மையர்ஸ்டேலில் இருக்கும்.

அந்த ஒருவர் யார் என்பதுதான் ஒவ்வொரு குழுவிலும் ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் எழும் கேள்வி. பொதுவாகக் கணவன், மனைவியில் யாருக்கு ஆசை குறைவாக இருக்கிறதோ அவர் தலையில் விழும். இல்லாவிட்டால், 'இல்லை' என்று சொல்லத் தெரியாதவர் தலையில்.

நம் குழுவில் ஒரு தம்பதி இருப்பதாக நினைத்துக்கொள்வோம். கணவருக்கு மூன்று வருடத்துக்கு முன் பக்கவாதம். இடது கால் இன்னும் முழுதாகக் கட்டுப்பாட்டுக்கு வரவில்லை. கார் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். டிரைக் ஓட்டுவார். மனைவிக்கும் ஒரு டிரைக் உண்டு; வேனில் தலைமாற்றிப் படுத்திருந்ததில் ஒன்று அவருடையது. இன்று சாவி அவரிடம். குழு நாமாக வைத்துக்கொண்டதுதான் என்றாலும், பாதையும் பார்க்கிங் கணக்கும் நிஜம்.

ஏற்றுவதிலும் ஒரு கலை

டிரைக்கின் எடை பொதுவாக 16 முதல் 20 கிலோ. பேட்டரி வைத்தது என்றால் இன்னும் கூடும். 20 கிலோ அரிசி மூட்டையைத் தூக்குவது வேறு, இதைத் தூக்குவது வேறு. பிடிப்பதற்குச் சரியான இடம் கிடையாது. செயின் வேறு வழியெல்லாம் ஓடுகிறது. பெடல் முன்னால், சக்கரம் பின்னால் என்பதால் சாதாரண சைக்கிளைப்போல இரண்டரை, மூன்று மடங்கு நீளச் செயின் இதற்குத் தேவை. கவனிக்காமல் பிடித்தால் கிரீஸ் சட்டையில்; கவனிக்காமல் ஏற்றினால் காரின் கூரைத் துணியில்.

அனுபவசாலிகள் சில விஷயங்களை விடவே மாட்டார்கள். பேட்டரியை முதலில் கழற்றிவிடுவார்கள். எடை குறையும், குலுக்கலில் அது கழன்று விழும் பயமும் இல்லை. பார்க்கிங் பிரேக்கைப் போடுவார்கள். அது இல்லாத வண்டியில் பிரேக் பிடியை ஒரு பட்டையால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். இல்லாவிட்டால், முதல் வளைவிலேயே டிரைக் வேனுக்குள் உருள ஆரம்பிக்கும். காருக்குப் பின்னால் ரேக்கில் மாட்டிப் போகிறவர்கள் கொடி, பை, சீட் மெத்தை எல்லாவற்றையும் கழற்றி உள்ளே வைத்துவிடுவார்கள். நெடுஞ்சாலை வேகத்தில் காற்று அவற்றைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். பின்னால் வருபவரின் கண்ணாடியில் ஆரஞ்சுக் கொடி வந்து மோதினால் என்ன ஆகும்!

ரேக் எவ்வளவு கிலோ தாங்கும் என்று பார்ப்பதும் முக்கியம். சாதாரண சைக்கிளுக்கான ரேக்கில் கயிறு கட்டி டிரைக்கைத் தொங்கவிடுவது ஆபத்து. எடை கம்பிக்கு நேராக இல்லாமல் வெளியே தள்ளி இழுக்கும். மடக்கக்கூடிய டிரைக்குகளும் இருக்கின்றன. நடுவில் கீல் வைத்து, பின்சக்கரம் சீட்டுக்கு மேலே வந்து படுத்துக்கொள்ளும். மடங்கும் என்று விளம்பரத்தில் பார்க்கும்போது குடை மாதிரி தோன்றும். நேரில் அது பாதி மடங்கிய மெத்தை. இருந்தாலும் சின்னக் காரின் டிக்கியில் ஏறுகிறதே, அதுவே பெரிது.

ஏழு கொடிகள்

பத்து மணிக்கு ஏழு கொடிகள் வரிசையாகக் கிளம்புகின்றன. ஊரைத் தாண்டியதும் மலை இரண்டாகப் பிளந்ததுபோல ஒரு இடைவெளி. வில்ஸ் ஓடை அறுத்த பிளவு அது. இந்தப் பகுதியை நேரோஸ் என்கிறார்கள். மேற்கே போக நினைத்த எல்லோருக்கும் இதுதான் வாசல். 1811-ல் அமெரிக்க அரசு தன் பணத்தில் முதல் நெடுஞ்சாலை போட ஆரம்பித்தது இந்தக் கம்பர்லாந்திலிருந்துதான்.

இங்கிருந்து ஃப்ராஸ்ட்பர்க் வரை பாதைக்குப் பக்கத்திலேயே தண்டவாளம் ஓடுகிறது. சுற்றுலாப் பயணிகளுக்காக இன்னும் ஒரு ரயில் அதில் போய்வருகிறது. பிரஷ் என்ற குகைக்குள் பாதையும் தண்டவாளமும் ஒன்றாக நுழைகின்றன. டிரைக்கில் உட்கார்ந்திருப்பவரின் தலை, ரயில் சக்கரத்தைவிடக் கொஞ்சம்தான் உயரம். பக்கத்தில் ரயில் வந்தால் எப்படி இருக்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ரெகம்பன்டில் குழுவாகப் போவதற்குத் தனி இலக்கணம் உண்டு. சாதாரண சைக்கிள் குழுவில் முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு காற்றிலிருந்து தப்பிக்கலாம். டிரைக்குக்குப் பின்னால் ஒளிய இடமே இல்லை. அதனால், யாரும் யாரையும் ஒட்டிப் போக வேண்டிய அவசியமும் இல்லை. ஒட்டிப் போனால் முன்சக்கரம் எறியும் பொடிக்கல் நேராக முகத்துக்கு வரும். முதுகு சீட்டில் பதிந்திருப்பதால் திரும்பிப் பார்ப்பது கஷ்டம். கண்ணாடி இல்லாத டிரைக்கைக் குழுவில் சேர்க்கவே கூடாது. கை நீட்டிக் காட்டும் சைகை பின்னால் வருபவருக்குச் சீட்டின் மறைப்பில் தெரியாமல் போகலாம். ஆகவே வாயால் சொல்ல வேண்டும். எதிரே ஆள் வந்தால், குழி இருந்தால், நிற்கப் போகிறோம் என்றால் எல்லாமே குரல்தான். முன்னால் இருப்பவர் சொல்ல, அடுத்தவர் வாங்கி அதற்கடுத்தவருக்குச் சொல்ல, வரிசையின் கடைசி வரை போகும்.

ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிப்பது இதில் நடக்காது. கியரைக் குறைத்துக்கொண்டு, காலைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கூட வரும் சாதாரண சைக்கிள்காரர் ஏற்றத்தில் முந்திவிடுவார். இறக்கத்தில் டிரைக் அவரைப் பிடித்துவிடும். இரண்டு வகையும் கலந்த குழு நாள் முழுக்க ரப்பர்போல இழுபட்டுச் சேரும்.

காலுக்குத்தான் மிகப் பெரிய எச்சரிக்கை. பெடலிலிருந்து கால் நழுவித் தரையில் பட்டால், ஓடும் வண்டி அந்தக் காலை அடியில் இழுத்துக்கொள்ளும். எலும்பு முறியும் அளவுக்குப் போகும். அதனால் குதிகாலைப் பெடலோடு பட்டையால் கட்டிக்கொள்வார்கள். நம் குழுவின் கணவருக்கு இடது காலைக் கட்டுவது, காலையில் மனைவி செய்துவிட்டுப் போன வேலை.

யார் எங்கே போவது என்பதும் யோசிக்க வேண்டியது. பலவீனமானவரைக் கடைசியில் விட்டால் அவர் எப்போதும் துரத்திக்கொண்டே இருப்பார். மற்றவர்கள் நின்று காத்திருந்து, அவர் வந்து சேர்ந்ததும் கிளம்பிவிடுவார்கள். ஓய்வு கிடைப்பது ஓய்வு தேவைப்படாதவர்களுக்குத்தான்! அவரை முன்னால் விட்டு, பலசாலி ஒருவர் கடைசியில் வருவதே சரி. நம் குழுவில் முன்னால் அசைந்துகொண்டு போகும் கொடி, மூன்று வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கால் விரலை அசைக்கப் பழகியவருடையது.

உச்சிக்கு முன் ஒரு குகை

25 கிலோமீட்டரில் ஃப்ராஸ்ட்பர்க். ஊர் பாதையைவிட மேலே இருக்கிறது. ரயில் இன்ஜினைத் திருப்பும் வட்ட மேடை இங்கே உண்டு. நான்காவது வண்டி காத்திருக்கிறது. சூடாக ஏதோ குடிக்கிறார்கள். ஒரு ட்யூப் மாற்றப்படுகிறது. மனைவி கணவரின் குதிகால் பட்டையை அவிழ்த்து, காலைத் தேய்த்துவிட்டு, மறுபடி கட்டுகிறார். அரை மணி நேரத்தில் கொடிகள் கிளம்பிவிடுகின்றன.

அடுத்த சில கிலோமீட்டர்தான் இந்தப் பாதையின் அழகான பகுதி. அக்டோபரில் மேப்பிள் இலைகள் சிவந்து, ஓக் இலைகள் பழுத்து, மலைச்சரிவு முழுக்க நிறம். சைக்கிளில் போகிறவர் பெரும்பாலும் பார்ப்பது முன்சக்கரத்தையும் ரோட்டையும். சாய்ந்து போகிறவரின் கண் தானாகவே மேலே போகிறது. மரத்தின் உச்சியும் வானமும்தான் எதிரே. கழுத்து வலிக்காமல் மலையைப் பார்க்க டிரைக்கைப்போல வேறு வாகனம் இல்லை.

மேரிலாந்து முடிந்து பென்சில்வேனியா தொடங்கும் மேசன் – டிக்ஸன் கோட்டைத் தாண்டினால், பிக் சேவேஜ் குகை. 3,294 அடி நீளம், ஒரு கிலோமீட்டர். உள்ளே விளக்கு உண்டு. குளிர்காலத்தில் கதவை மூடிவிடுவார்கள். உள்ளே கசியும் நீர் உறைந்து சுவரைப் பிளந்துவிடும் என்பதால். திறப்பது ஏப்ரலில்தான்.

சேவேஜ் என்பது ஓர் ஆளின் பெயர் என்கிறார்கள். 1736-ல் நிலம் அளக்க வந்த ஒரு குழு இந்த மலையில் பனிக்காலத்தில் சிக்கிக்கொண்டது. சாப்பாடு தீர்ந்துவிட்டது. உடம்பு முடியாமல் இருந்த ஜான் சேவேஜ், 'நான் எப்படியும் பிழைக்கப் போவதில்லை, என்னைச் சாப்பிட்டுவிட்டு நீங்கள் பிழையுங்கள்' என்றாராம். அதற்குள் உதவி வந்துவிட்டதால் அவரும் பிழைத்தார் என்பது இந்தப் பகுதியில் சொல்லப்படும் கதை. உண்மையோ பொய்யோ, ஆறுக்கும் மலைக்கும் குகைக்கும் அவர் பெயர் இருக்கிறது. குழுவுக்காக ஒரு நாள் ரைடை விட்டுக்கொடுப்பவருக்கு அந்த அளவு இல்லாவிட்டாலும், ராத்திரிச் சாப்பாட்டுக்கு யாராவது பில் கட்டலாம்.

குகையைத் தாண்டி இரண்டரை கிலோமீட்டரில் உச்சி. ஒரு சின்னச் சுரங்க வழி, சுவரில் ஓவியங்கள், பாதையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் வரைபடம். இங்கே விழும் மழை இரண்டாகப் பிரிகிறது. கிழக்கே விழுந்தது பொட்டோமாக் ஆறு வழியாக அட்லான்டிக் பக்கம் போகும். மேற்கே விழுந்தது ஒஹையோ, மிசிசிப்பி என்று சுற்றி மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகும். எல்லோரும் இங்கே நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். டிரைக்காரர்களுக்கு ஒரு சௌகரியம், உட்கார இடம் தேட வேண்டியதில்லை. எப்போதும் உட்கார்ந்துதான் இருக்கிறார்கள்.

மிச்சம் 13 கிலோமீட்டரும் இறக்கம். மிதிக்காமலே வண்டி ஓடும். காலையிலிருந்து முன்னால் போனவர் இப்போது பலரை வழிவிட்டு அனுப்புகிறார். இறக்கத்தில் பொடிக்கல்லில் வேகம் கூடி, திருப்பத்தில் ஒரு சக்கரம் எழும்பினால் டிரைக்கும் கவிழும். அவருக்கு அவசரம் இல்லை.

நான்கு மணி வாக்கில் மையர்ஸ்டேல். ரயில் போய்விட்டாலும் ரயில் நிலையம் இருக்கிறது. வருபவர்களுக்குத் தகவல் சொல்லவும், ஊரின் பழைய பொருட்களை வைக்கவும் அதைப் பயன்படுத்துகிறார்கள். நான்கு வண்டிகளும் நிற்கின்றன. ஏற்றும் வேலை தொடங்குகிறது. கொடி, பை, பேட்டரி, பட்டை. காலையில் செய்ததையெல்லாம் தலைகீழாக.

ஒரு வேனில் மட்டும் ஒரு டிரைக் ஏறாமல், இறங்குகிறது. காலையில் கம்பர்லாந்தில் இறக்கி, ஓட்டாமலே மறுபடி ஏற்றிக்கொண்டு வந்தது அது.

இந்த ஊரிலிருந்து மேற்கே சுமார் 3 கிலோமீட்டரில் சாலிஸ்பரி பாலம். 1,908 அடி நீளம், பள்ளத்தாக்கிலிருந்து நூறு அடி உயரம். கீழே கேசல்மன் ஆறு, ஒரு நெடுஞ்சாலை, இன்னும் சரக்கு ரயில் போகும் தண்டவாளம், வயல்கள். பாதை கிட்டத்தட்டச் சமதளம். மனைவி கொடியை மாட்டுகிறார். கார் சாவியைக் கணவரின் சட்டைப் பையில் போடுகிறார். இருட்ட இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. போய், பாலத்தின் நடுவில் கொஞ்சம் நின்றுவிட்டு, திரும்பி வர அரை மணியோ முக்கால் மணியோ. அதுவரை நான்கு வண்டியில் எதுவும் கிளம்பாது.